பேர் வைக்கிற ஆள்

பகல் ஒரு மணி வரைக்கும் அவகாசம் கொடுத்திருந்தார்கள், என்னவோ பெரிய மனசு பண்ணி. இப்போது பதினொன்று பத்து. சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது மாடியில், விமானிகள் காத்திருக்கும் அறையில், மூன்று சாய்வு நாற்காலிகளில் சாயவே சாயாத ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, கேப்டன் பெர்க்மான்ஸ் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து கைப்பேசியில் வந்திருந்த வேலைக் கடிதத்தை ஒன்பதாவது தடவையாகப் படித்தான். அன்புள்ள பெர்க்மான்ஸ் என்று ஆரம்பித்தது. கேப்டன் பெர்க்மான்ஸ் இல்லை, வெறும் பெர்க்மான்ஸ். ஒன்பது வருடமாகத் தோளில் நான்கு கோடு போட்டுக்கொண்டு திரிகிறவனை ஒரே வரியில் உரித்துவிட்டார்கள். எங்கள் குடும்பத்தில் உங்களை வரவேற்கிறோம் என்று அடுத்த வரி. குடும்பமாம். எந்தக் குடும்பத்தில் ஐந்தாயிரம் பேர் இருக்கிறார்கள், எந்தக் குடும்பத்தில் நாற்பத்து மூன்று வயது ஆளைக் கூப்பிட்டு, தம்பி, நீ வலது பக்கம் உட்கார், இடது பக்கம் உட்கார இன்னும் ஆறேழு வருடம் ஆகும் என்கிறார்கள். அதுதான் விஷயம். பெரிய விமானம், பதினாலு மணி நேரம், பதினாறு மணி நேரம், ஒரே மூச்சில் கண்டம் விட்டுக் கண்டம். ஆனால் துணை விமானியாக. இங்கே கேப்டன், அங்கே துணை. கீழே இரண்டு பொத்தான்கள், பச்சையில் ஏற்கிறேன், சாம்பலில் ஏற்கவில்லை. இந்திய நேரம் பகல் ஒரு மணியோடு இந்த இணைப்பு காலாவதியாகும். நாற்பத்தைந்தைத் தொட்டுவிட்டால் எடுக்க மாட்டார்கள், மறுபடி விண்ணப்பிக்க இரண்டு வருடம் பொறுக்க வேண்டும் என்று தனியாக ஒரு குறிப்பு. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் இன்று ஒரு மணிக்கு அந்தக் கதவு மூடும், அப்புறம் திறக்காது. பால் பாக்கெட்டில்கூட இதைவிட மரியாதையாகத் தேதி போடுகிறார்கள். எதிர் நாற்காலியில் கேப்டன் தமயந்தி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வேகவைத்த கடலை, எவர்சில்வர் டப்பாவில், கோபிச்செட்டிபாளையத்திலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, பிளந்து, தோலைக் காகிதத்தில் அடுக்கி. இந்தப் பெண் ஐம்பது டன் இரும்பைத் தரையிறக்குகிறது என்று சொன்னால் எவன் நம்புவான். இவளெல்லாம் ஓய்வு பெறுகிற வரைக்கும் மதுரைக்கும் ராஜமுந்திரிக்கும் போய்வந்து, கடைசி நாளன்று கேக் வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவாள். ஆசையே கிடையாது. ஆசை இல்லாதவர்களைப் பார்த்தால் பெர்க்மான்ஸுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த அறையில் செய்கிற வேலைக்குப் பெயர் காத்திருப்பு. எங்கேயாவது ஒரு விமானிக்கு வயிறு கெட்டால், வீட்டில் சாவு விழுந்தால், இங்கே சீருடையோடு உட்கார்ந்திருக்கிறவரைக் கூப்பிடுவார்கள். இருபது நிமிடத்தில் விமானத்தில் இருக்க வேண்டும். யாருக்கும் வயிறு கெடாத நாளில் ஆறு மணி நேரம் சுவரைப் பார்க்கலாம். சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று உண்டு. பலகை என்றால் கம்பெனியின் பலகை அல்ல, பெர்க்மான்ஸின் பலகை. வேலையை விட்டு வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகிறவர்கள் கடைசி நாளன்று கேக் வாங்கி வைக்க வேண்டும், பெர்க்மான்ஸ் எழுந்து நான்கு நிமிடம் பேசுவான், பேசி முடித்து அவர்களுக்கு ஒரு பேர் வைத்துப் பலகையில் எழுதுவான், இது இந்த அறையின் வழக்கம். யாரும் ஏற்படுத்தவில்லை, அவன் வாயே ஏற்படுத்தியது. முதலில் போனவன் சுதாகர். அவனைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சு என்றான் பெர்க்மான்ஸ், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற தள்ளுவண்டியை நினைத்து. அறையே குலுங்கியது, சுதாகரும் சிரித்தான், கண்ணில் நீர் வர. அதற்கப்புறம் அவன் பெயர் பேரீச்சம்பழம்தான். பாரிஸில் மாரடைப்பு வந்து படுத்திருந்தபோதுகூட, பேரீச்சம்பழத்துக்கு எப்படி இருக்கு என்றுதான் எல்லோரும் விசாரித்தார்கள். வெங்கடேசுவரனுக்குத் தொட்டில். ஏனென்றால் அந்தப் பெரிய விமானங்களில் விமானிகள் படுத்துக்கொள்ளத் தனியாகப் படுக்கை அறை உண்டு, பாதிப் பயணம் இரண்டு பேர் தூங்குவார்கள், மீதிப் பாதி மற்ற இரண்டு பேர். தூங்குவதற்குச் சம்பளம். ஆறடி ஆண்பிள்ளையை வானத்தில் தாலாட்டுகிறார்கள். மன்சூருக்குக் கம்பளி, அதே படுக்கையில் போர்த்திக்கொள்ள. அங்கே மாதத்துக்கு மூன்று தடவை தரையிறக்கினால் அதிகம், அதுவும் நான்கு பேர் முறை வைத்து. நம்மைப்போல ஒரே நாளில் நான்கு தடவையா, மழையில், குறுக்குக் காற்றில், திருச்சி ஓடுபாதையில் நாய் நிற்கும்போது. அவர்கள் விமானிகள் இல்லை, வாட்ச்மேன்கள். விமானம் தானே பறக்கும், இவர்கள் அது பறக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் வாய் கிழிய எட்டு வருடம் சொல்லியாகிவிட்டது. சொன்னது முழுக்க அவனுக்கே ஞாபகம் இருக்கிறது, அதுதான் பெரிய கஷ்டம். கடைசியாகப் போன மூன்று பேர் கேக்கும் வாங்கவில்லை, சொல்லிக்கொண்டும் போகவில்லை. நன்றி கெட்ட ஜென்மங்கள்.

சொன்னதில் ஒன்று மட்டும் பொய். மீதி எல்லாம் உண்மை, அல்லது உண்மை மாதிரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரான்சிலிருந்து புது விமானம் ஒன்றை எடுத்துவர அவனை அனுப்பினார்கள். பயணிகள் இல்லை, நூற்று எண்பது காலி இருக்கை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. இடது பக்கம் ஒரு பிரெஞ்சுக்காரர், அறுபதைத் தாண்டியவர், ஆயுள் பூராவும் நீண்ட தூரம் ஓட்டியவர். வலது பக்கம் இவன், ஏற்றுவதும் இறக்குவதும் அவர் பாடு. எட்டு மணி நேரம். துருக்கி தாண்டி, ஒரு கடல் தாண்டி, விடிகிற நேரத்தில் கீழே மலை வந்தது. பனி மூடிய மலை, முடிவே இல்லாமல், முதலில் சாம்பலாக, பிறகு ஒரு ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல சிவந்து. பிரெஞ்சுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. இவனும் பேசவில்லை. பேசுகிற வேலையே இல்லை. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற ஐம்பது நிமிடத்தில் ஐந்து நிமிடம் சும்மா இருக்க முடியாது, ஏறு, திரும்பு, இறங்கு, சக்கரத்தை விடு. இங்கே இரண்டு மணி நேரம் ஒருவனும் எதுவும் கேட்கவில்லை. அந்த மனிதர் ஒரு ஆப்பிளை வெட்டிப் பாதியை நீட்டினார். இவன் வாங்கித் தின்றான். தின்றுகொண்டே நினைத்தான், இதுதான், இதற்காகத்தான் பன்னிரண்டாம் வகுப்பில் எல்லோரும் இன்ஜினியரிங் என்றபோது நான் வேறொன்று சொன்னேன், நடுவில் மறந்து தொலைத்துவிட்டேன். வெட்கக்கேடு, ஒரு மலையைப் பார்த்து இப்படியெல்லாம் நினைப்பது. திரும்பி வந்த அன்று இந்த அறையில் ஆறேழு பேர் சுற்றி நின்று, எப்படி சார் இருந்தது என்றார்கள். எட்டு மணி நேரம் மூத்திரத்தை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்யா, அவ்வளவுதான் என்றான். சிரித்தார்கள். நன்றாகத்தான் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு மலையைக் கொடுத்துவிட்டான், பாவி. விண்ணப்பம் போட்டது அதற்கப்புறம்தான், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாமல். பிரமிளாவிடம்கூட நேர்முகத் தேர்வுக்குப் போகிற வாரம்தான் சொன்னான்.

பிரமிளா அவன் மனைவி, நங்கநல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். பதினேழு வருடமாக அவன் சொல்கிற எல்லாவற்றையும் விடைத்தாள் பார்க்கிற முகத்தோடு கேட்டு வருகிறவள். இன்று காலை இட்லியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். என்ன முடிவு பண்ணியிருக்கீங்க என்றாள். அவன் உடனே ஆரம்பித்தான், அங்கே போனால் நானும் பேரீச்சம்பழம்தான், உனக்குத் தினம் ஒரு கிலோ அனுப்புகிறேன் என்று. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "உங்க சிரிப்பாணியெல்லாம் ஏர்போர்ட்டோட வச்சுக்கோங்க. எங்கிட்ட வேண்டாம். போணும்னு ஆசையா இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க. ஆசையா இருந்தா போங்க, நானும் பிள்ளையும் பின்னால வாறோம். இல்லைன்னா விடுங்க. எதுவும் சொல்லாம ஒரு மணிக்கு அதுவா போயிரட்டும்னு மட்டும் உட்கார்ந்திராதீங்க." எவ்வளவு அகங்காரம். ஆசையா இல்லையா என்று எப்படிக் கேட்கிறாள், பரீட்சைக் கேள்வி மாதிரி, சரியா தவறா. ஆசை இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்ல முடிந்தால் அவன் ஏன் இட்லியைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். டைம் ஆச்சு என்று எழுந்து வந்துவிட்டான். அவள் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பதினொன்று ஐம்பது. கடலை முடிகிற பாடாக இல்லை. தமயந்தி தலையைத் தூக்காமல் ஒரு கைப்பிடி நீட்டினாள், அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். தலையாட்டும்போது தன் வலது கையைப் பார்த்தான். பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தான். பார்த்துவிட்டான். எல்லாவற்றையும் யோசிக்கலாம், இந்தக் கையை மட்டும் யோசிக்க வேண்டாம் என்று காலையிலிருந்து ஒதுக்கி ஒதுக்கி வைத்தால் அது மடியிலேயே கிடக்கிறது. அங்கே கூப்பிட்டுப் பரீட்சை வைத்தார்களே, பாவனை விமானத்தில், தரையை விட்டு எழும்பாத பொம்மைப் பெட்டியில். வலது இருக்கையில் உட்கார வைத்தார்கள், அங்கே அவன் உட்காரப்போகிற இடம் அதுதானே. இடது இருக்கையில் இருக்கிறவனுக்கு இடது கையில் ஓட்டுகிற பிடி, வலது கையில் வேகத்தைக் கூட்டுகிற நெம்புகோல். வலது இருக்கையில் எல்லாம் தலைகீழ். ஒன்பது வருடமாக அவன் வலது கை வேகத்தைக் கூட்ட மட்டுமே பழகியது. தரையிறங்கப் போகிற நேரத்தில், ஓடுபாதையில் வேறு வண்டி நிற்கிறது, மேலே கிளம்பு என்றார்கள். மேலே கிளம்ப வேண்டுமென்றால் வேகத்தைக் கூட்ட வேண்டும், கூட்ட வேண்டுமென்றால் வலது கையை முன்னால் தள்ள வேண்டும், தள்ளினான். தள்ளியது வேகத்தை அல்ல, பிடியை. மூக்கு கீழே போனது. நூற்றைம்பது அடி உயரத்தில், ஏற வேண்டிய விமானம் தரையைப் பார்த்துக் குனிந்தது. ஒரு நொடி, ஒன்றரை நொடி, அவ்வளவுதான், இழுத்துவிட்டான், ஏறிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த நியூசிலாந்துக்காரன், முடியே இல்லாத மண்டை, குறிப்பேட்டில் ஏதோ ஒரு வார்த்தை எழுதினான். ஒரே ஒரு வார்த்தை. எல்லாம் முடிந்தபிறகு, இடது பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள், சில மாதத்தில் சரியாகிவிடும் என்று தோளில் தட்டினான். எல்லோருமாம். ஏழாயிரம் மணி நேரம் ஓட்டியவனை எல்லோரும் என்கிறான். தேறவில்லை என்று சொல்லியிருந்தால் அவனைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக ஊர் வந்து சேர்ந்திருக்கலாம். தேறிவிட்டான். அந்தக் கையோடு சேர்த்துத்தான் தேறியிருக்கிறான். அங்கே போனால் முப்பது வயது கேப்டன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, பெர்க், கையைக் கவனி என்பான். இவன் சரி என்பான். பயம்தான். சொல்லிவிடலாம், இந்த அறையில் தலைக்குள்ளே யார் கேட்கப்போகிறார்கள், பயம். மறுபடியும் கற்றுக்கொள்ள வேண்டுமே என்கிற பயம். பேரீச்சம்பழமும் தொட்டிலும் கம்பளியும் இந்தப் பயத்தை விழுங்கிவிட்டுத்தானே போனார்கள், அவர்களுக்கு மட்டும் எப்படி முடிந்தது. மூளை இல்லாதவர்களுக்குப் பயம் வராது, அதனால்தான். இல்லை, வெங்கடேசுவரனுக்கு மூளை உண்டு. சரி, வெங்கடேசுவரனுக்கு மட்டும் உண்டு.

பன்னிரண்டு இருபதுக்குச் சுவரிலிருந்த போன் அடித்தது. தமயந்திதான் எடுத்தாள். மதுரைக்கு ஆள் வேண்டுமாம், போகிற கேப்டனுக்குக் காய்ச்சல். சரிங்க, வர்றனுங்க என்றாள். அந்தப் பக்கம் இன்னும் ஏதோ கேட்டிருக்க வேண்டும், அவள் குரலைத் தாழ்த்தினாள். "இல்லீங்க, அடுத்த வாரம் போட்டுறாதீங்க. வியாழக்கிழமையோட எனக்கு முடியுதுங்க." வைத்துவிட்டுத் திரும்பினால் பெர்க்மான்ஸ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன முடியுது?"

அவள் டப்பாவை மூடினாள். "வேலைதானுங்க சார்."

"எங்கே போறீங்க?"

சொன்னாள். அவன் கைப்பேசியில் திறந்து கிடக்கிற அதே கம்பெனி.

"நோட்டீஸ் எப்போ கொடுத்தீங்க?"

"ஆறு மாசம் ஆச்சுங்க."

"ஆறு மாசமா? இங்கே யாருக்கெல்லாம் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியுமுங்க சார்." பையில் டப்பாவை வைக்க எவ்வளவு நேரம் ஆக வேண்டுமோ அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். "உங்களுக்குத்தானுங்க தெரியாது. உங்ககிட்டச் சொன்னா பேரு வெப்பீங்கல்லங்க. ஊர்ல அப்பாவுக்கு ஆப்பரேசன், ஏற்கெனவே மனசு சரியில்ல. அதோட இதுவும் வேண்டாம்னு எல்லாரும்தான் சொன்னாங்க. கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள அவனுக்கு இடமே கிடைக்கவில்லை. அப்படியென்றால் அந்த மூன்று பேரும். கேக் வாங்காத மூன்று பேரும். எங்கேயோ வேறு இடத்தில் கேக் வாங்கியிருக்கிறார்கள், எல்லோரும் போயிருக்கிறார்கள், இவன் காத்திருப்பு அறையில் காலை நீட்டிக்கொண்டு நன்றி கெட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். ஆறு மாதமாக இந்த அறைக்குள் இவன் நுழையும்போதெல்லாம் பேச்சு மாறியிருக்கிறது. இவளும் கடலை உரித்துக்கொண்டே கமுக்கமாக இருந்திருக்கிறாள். இவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம். வாய் தானாகவே திறந்தது, அதற்கு வேறு என்ன தெரியும், ஒரு வேடிக்கைப் பேச்சைப் போல, சும்மா தமாசுக்கு என்கிற முகத்தோடு கேட்டான்: "சரி, ஒரு பேச்சுக்கு நானே போறேன்னு வச்சுக்குவோம். எனக்கு என்ன பேர் வைப்பாங்க?"

தமயந்தி தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள். அவளுக்குக் குத்திப் பேசத் தெரியாது, அதுதான் கொடுமை.

"பேருங்களா? நீங்க போயிட்டீங்கன்னா பேரு வெக்கறதுக்கு இங்க யாருங்க சார் இருக்கறாங்க?"

வர்றனுங்க என்று சொல்லிவிட்டு மதுரைக்குப் போய்விட்டாள்.

பன்னிரண்டு இருபத்தெட்டு. முதலில் வந்தது, அவனே எதிர்பார்க்கவில்லை, ஒரு நிம்மதி. ஒருத்தரும் சிரிக்கப் போவதில்லை. எட்டு வருடமாக எந்தச் சிரிப்புக்குப் பயந்தானோ அந்தச் சிரிப்பே இல்லை, அவன் வாயைத் தவிர வேறெங்கும் அது இருந்ததே இல்லை. பச்சையை அழுத்த வேண்டியதுதான். கட்டைவிரலைக் கொண்டுபோனான். கொண்டுபோன இடத்தில் நிறுத்தினான். போகிறான், சரி, நோட்டீஸ் கொடுத்து ஆறு மாதத்தில் பெர்க்மான்ஸுக்கும் முடிகிறது, அப்புறம்? இந்த அறையில் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. யாரோ ஒருவன் ஈரத்துணியை எடுத்துப் பலகையைத் துடைப்பான். அப்பாடா என்று மூச்சு விடுவார்கள். உரக்கப் பேசுவார்கள், எங்கே விண்ணப்பம் போட்டிருக்கிறோம், எப்போது போகிறோம் என்று பயமில்லாமல் சொல்லிக்கொள்வார்கள். ஒரு மாதம் கழித்துப் புதிதாக வந்தவன் எவனாவது, பெர்க்மான்ஸ்னு ஒருத்தர் இருந்தாராமே என்பான், ஆமா, இருந்தார் என்பார்கள். அவ்வளவுதான். அங்கேயோ, பதினாறு மணி நேரம், வாய் பேசாத கேப்டன் பக்கத்தில், தப்பாகத் தள்ளுகிற ஒரு கை. மலை வரும். வரட்டும், மலையைப் பார்த்தால் போதுமென்று இருக்க முடியுமா. முடியும், ஒரு விடியற்காலை முடிந்தது. ஆனால் அதை யாரிடம் சொல்வது. அவன் தமாசு எந்த மொழியில் அங்கே செல்லுபடியாகும், பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சு என்பதை நியூசிலாந்துக்காரனுக்கு விளக்கிச் சொல்லி, தள்ளுவண்டி என்றால் இன்னது, பழைய இரும்பு என்றால் இன்னது, அவன் ஓ என்பான். சிரித்தால் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. யாருமே சிரிக்காததைத்தான் தாங்க முடியாது. இப்படி ஒரு அற்பத்தனம் தனக்குள் இருக்கிறது என்று அவனுக்கு நன்றாகவே தெரிந்தது, அதைப் பார்த்து அருவருப்பாகவும் இருந்தது. அருவருப்பாக இருப்பதால் மட்டும் அது போய்விடவில்லை. பன்னிரண்டு நாற்பது. ஆசையா இருக்கா, இல்லையா. இருக்குடி, இருக்கு, நெஞ்சு முழுக்க இருக்கு. பன்னிரண்டு நாற்பத்தெட்டு. திரை அணைந்தது, மறுபடி தொட்டான், பச்சை பச்சையாகவே இருந்தது. சாம்பலையாவது அழுத்தினால் முடிவு பண்ணியவன் என்று பேராவது மிஞ்சும். அதையும் அழுத்தவில்லை.

ஐந்து நிமிடம் இருக்கும்போது மத்தியானக் காத்திருப்புக்காரர்கள் வந்தார்கள், கேப்டன் லோகநாதனும், முஸ்தபாவும், அவர்களோடு ஹைதராபாத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு கேப்டனும். கதவைத் திறக்கிற வரை பேச்சுச் சத்தம் கேட்டது, திறந்ததும் நின்றது. பெர்க்மான்ஸ் இப்போதுதான் அதைக் கவனித்தான். பையை வைத்தார்கள், ஏசியைக் கூட்டினார்கள், வெயிலைத் திட்டினார்கள். பிறகு புதியவர் பலகைக்குப் போய், ஒவ்வொரு பேராகப் படித்து, இது யார், அது யார் என்று கேட்டார். முஸ்தபா சொன்னான். பதினோரு பேரையும் சொன்னான்.

"எல்லோரும் போய்ட்டே இருக்காங்களே," என்றார் புதியவர். "நீங்க ஏன் சார் எங்கேயும் ட்ரை பண்ணல? உங்க அனுபவத்துக்கு அள்ளிக்கிட்டுப் போவாங்களே."

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். சுவர்க்கடிகாரத்தில் ஒரு மணி ஆக ஒரு நிமிடம் இருந்தது. கட்டைவிரல் திரைக்கு மேலேயே இருந்தது.

"நானா?" என்று பெர்க்மான்ஸ் காலை நீட்டிச் சாயாத நாற்காலியில் சாய்ந்தான். "நான் போயிட்டா உங்களுக்கெல்லாம் பேர் வைக்கிறதுக்கு இங்கே ஆள் யாருய்யா இருக்கா?"

நன்றாகத்தான் சிரித்தார்கள். முஸ்தபா கையைத் தட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.